காயாவின் பீப்பாய்க் கிடங்குக்குப் போகிறவர்களுக்கு: போர்ட் ஒயினைப் பார்த்து, முகர்ந்து, சுவைப்பது எப்படி

ஒரு நாளைக்கு ஒரே ஒரு கிடங்கு போதும். போர்ச்சுகலில் இருக்கும் போர்ட்டோவுக்கு வந்து என் வீட்டில் தங்கும் உறவினர்களிடமும் நண்பர்களிடமும் நான் முதலில் வைக்கும் வேண்டுகோள் இதுதான்.

டோரு ஆற்றின் தென்கரையில் இருக்கிறது விலா நோவா டி காயா. சரிவு முழுக்க ஓடு வேய்ந்த நீளமான கூரைகள். பலவற்றின் மேல் பெரிய எழுத்தில் ஒயின் நிறுவனங்களின் பெயர்கள். வடகரையில் நின்று அதைப் பார்க்கிறவர்களுக்கு நான்கைந்து இடங்களையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வருவது இயல்பு. எனக்கும் வந்தது. இந்த ஊருக்குக் குடிவந்த முதல் மாதத்தில், ஒரே பிற்பகலில் மூன்று கிடங்குகளுக்கு முன்பதிவு செய்தேன். மூன்றாவது கிடங்கில் 40 ஆண்டு டானி என்ற, பீப்பாயில் முதிர்ந்த போர்ட் ஒயினைக் கையில் கொடுத்தபோது என் நாக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை. இனிப்பு, தொண்டையில் ஒரு சூடு, அவ்வளவுதான். நான் பிறப்பதற்கு முன்பே பீப்பாய்க்குள் போய்விட்ட ஒயின் அது. எத்தனையோ பேர் காவல் காத்த ஒன்றை அப்படி விழுங்கிவிட்டு வந்தது இன்றும் மனத்தை உறுத்துகிறது. அந்த வருத்தம் உங்களுக்கு வர வேண்டாம்.

போவதற்கு முன்பே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டு போனால், கிடங்கில் காண்பதெல்லாம் தானாகப் பொருள்படத் தொடங்கும். போர்ட் ஒயின் முதிர இரண்டு வழிகள் உண்டு: ஒன்று கண்ணாடி, மற்றொன்று மரம். தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றே. டோரு பள்ளத்தாக்கில் செப்டம்பர் வாக்கில் திராட்சையைப் பறித்து நசுக்கி நொதிக்க விடுகிறார்கள். சர்க்கரையில் ஏறத்தாழ பாதி ஆல்கஹாலாக மாறியதும், 77 சதவீத வலிமை கொண்ட திராட்சைச் சாராயத்தை ஊற்றுகிறார்கள். பழைய கணக்கு, 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம்; இரண்டும் சேர்ந்து ஒரு பீப்பாய், 550 லிட்டர். ஈஸ்ட் அந்த வலிமையைத் தாங்காது. நொதித்தல் நின்றுவிடும், மீதிச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். போர்ட் இனிப்பாகவும், 20 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹாலோடும் இருப்பதற்குக் காரணம் இதுதான். வெளியிலிருந்து சர்க்கரை எதுவும் சேர்ப்பதில்லை.

இதற்குப் பிறகுதான் வழி பிரிகிறது. பெரிய தொட்டியிலும் பிறகு கண்ணாடிப் பாட்டிலிலும் காற்று அதிகம் படாமல் காத்தால் சிவப்பும் பழமணமும் நிற்கும்: இளமையிலேயே குடிக்கும் ரூபி, ஒரே ஆண்டின் ஒயினைச் சற்றுத் தாமதமாகப் பாட்டிலில் அடைக்கும் எல்.பி.வி., சிறந்த ஆண்டில் மட்டும் செய்து பாட்டிலில் முதிரவிடும் விண்டேஜ் எல்லாம் இந்தப் பக்கம். சிறிய பீப்பாயில் விட்டு, மரத்தின் வழியே காற்றை மெல்ல மெல்ல உள்ளே வரவிட்டால் சிவப்பு வெளிறி, செங்கல் நிறமாகி, பிறகு தேன் நிறமாகும். பழமணம் போய் வாதுமையும் உலர்ந்த அத்திப்பழமும் எரித்த சர்க்கரையும் மணக்கும். டானி, ஒரே ஆண்டின் டானியான கொல்யெய்ட்டா ஆகியவை இந்தப் பக்கம். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி சொல்வதில் பாதியைத் தவறவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காயாவில் திராட்சைத் தோட்டம் கிடையாது. தோட்டங்கள் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கிழக்கே, ஏடு ஏடாகப் பிளக்கும் சிஸ்ட் பாறைச் சரிவுகளில் இருக்கின்றன. அங்கே கோடை வெயில் ஒயினை வாட்டிவிடும். கடல் காற்று வீசும் காயாவில் குளிர்ச்சியும் ஈரமும் உண்டு. முதிர்வதற்கு அதுதான் ஏற்றது. அந்தக் காலத்தில் ரபேலு என்ற தட்டையான படகுகளில் பீப்பாய்களை ஏற்றி, பாறைகளுக்கும் சுழல்களுக்கும் நடுவே ஆற்றோடு கொண்டுவந்தார்கள். அணைகள் வந்த பிறகு ஆறு அடங்கிவிட்டது. படகுகள் இன்று கரையோரம் அலங்காரமாக நிற்கின்றன. ஏற்றுமதியாகும் போர்ட் காயா வழியாகத்தான் போக வேண்டும் என்ற சட்டம் 1986 வரை இருந்தது. இத்தனை நிறுவனங்கள் ஒரே சரிவில் நெருக்கியடித்து நிற்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதில் பெரும்பகுதி விடை இருக்கிறது. தோட்டத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கி, ரயிலில் பிஞ்ஞாவ் வரை போய்வாருங்கள். கிடங்கையும் தோட்டத்தையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

எந்தக் கிடங்கு, எந்த நேரம்

பழைமைக்குக் குறைவில்லை. கோப்கே 1638லும் டெய்லர்ஸ் 1692லும் தொடங்கியவை. ஃபெரேரா, 1751இல் ஒரு போர்த்துக்கீசியக் குடும்பம் தொடங்கிய நிறுவனம். இளம் வயதில் கணவரை இழந்து, 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி அதை நடத்தியவர் அன்டோனியா அடலெய்ட் ஃபெரேரா. வழிகாட்டிகள் அவர் பெயரைச் சொல்லும்போது குரலில் ஒரு மாற்றம் தெரியும். 1861இல் டோருவின் சுழலில் ஒரு படகு கவிழ்ந்தது. ஆற்றுக்கு வரைபடம் தயாரித்த ஜோசப் ஃபாரஸ்டர் மூழ்கினார், அன்டோனியா பிழைத்துக்கொண்டார். விரிந்த பாவாடை அவரை மிதக்க வைத்தது என்று ஒரு கதை உண்டு. அது கதையாகவே இருக்கட்டும்.

என் விருப்பத்தைக் கேட்டால், மரத்தின் வழியை அறிய விரும்புகிறவர்கள் டானி மிகுதியாக வைத்திருக்கும் இடத்தையும், சிவந்த, கனத்த ஒயின் பிடித்தவர்கள் விண்டேஜுக்குப் பெயர்பெற்ற இடத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்பதிவுப் பக்கத்தில் விலைக்கு முன்பாக, எந்தெந்த ஒயின்களைத் தருகிறார்கள் என்று பாருங்கள். "மூன்று வகைப் போர்ட்" என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் எளிய வெள்ளை, எளிய ரூபி, எளிய டானி. அவற்றைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். சற்றுக் கூடுதலாகக் கொடுத்து 10 ஆண்டு டானியும் 20 ஆண்டு டானியும் அருகருகே வரும் சுவைப்பைத் தேர்ந்தெடுங்கள். அந்த இரண்டு கோப்பைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு ஈடான பாடம் வேறில்லை.

உணவோடு சேர்ந்த சுவைப்பு எல்லா இடங்களிலும் எல்லா நேரமும் கிடையாது. முன்பதிவிலேயே சொல்ல வேண்டும். சைவர்கள் கட்டாயம் எழுதித் தெரிவியுங்கள், ஏனென்றால் பாலாடைக்கட்டித் தட்டோடு உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை இறைச்சியையும் வைப்பது இங்கே வழக்கம். பாலாடைக்கட்டியை உறையவைக்கக் கன்றின் வயிற்று நொதியைப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்றும் கேட்கலாம். செர்ரா டா எஸ்ட்ரெலா என்ற செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியை ஒரு முட்செடியின் பூவைக் கொண்டு உறையவைக்கிறார்கள். விலங்கு நொதி அதில் இல்லை. பாஸ்டெல் டி நாட்டா என்ற சிறிய பணியாரத்தில் முட்டை மஞ்சள் கரு உண்டு.

சுற்றுலா எந்த மொழியில் என்பதையும் சரிபாருங்கள். ஒரு முறை என் அலுவலகத் தோழி ஒருவரை அழைத்துப் போனபோது, நான் பதிவு செய்திருந்த ஆங்கிலக் குழு நிரம்பிவிட்டது என்று எங்களை வேறு மொழிக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் பீப்பாய்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம். இப்போதெல்லாம் காலையில் தொலைபேசியில் ஒரு முறை உறுதிசெய்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். நாளின் முதல் குழுவாகப் பார்த்துச் சேருங்கள். கூட்டம் குறைவு, நாக்கும் புதிதாக இருக்கும்.

போகும் வழி

டோம் லூயிஸ் பாலத்தை நடந்து கடப்பதே நல்லது. 1886இல் திறந்த இரும்புப் பாலம். மேல்தளத்தில் மெட்ரோ ரயில், கீழ்த்தளத்தில் வாகனங்கள், இரண்டிலும் நடக்க இடம் உண்டு. ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குக் கீழ்த்தளம் நேர் வழி. சரிவின் மேலே இருக்கும் கிடங்குகளுக்கு மேல்தளத்தில் நடந்தோ, மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ஜார்டிம் டோ மோரோ நிலையத்தில் இறங்கியோ போகலாம். கல் பாவிய தெருக்கள். மழை பெய்தால் வழுக்கும். ரப்பர் அடி போட்ட காலணி வேண்டும்.

வாசனைத் திரவியம் பூசிக்கொள்ளாதீர்கள். உங்கள் மூக்கை மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவரின் மூக்கையும் அது கெடுக்கும். கிளம்பும் முன் வயிறு நிறைய இல்லாவிட்டாலும் பாதியாவது சாப்பிட்டிருக்க வேண்டும். கோப்பை சிறியது என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். 50 மில்லி வீதம் மூன்று கோப்பை போர்ட் என்பது, 12.5 சதவீத ஒயினில் 240 மில்லி குடித்ததற்குச் சமம். கார் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். மது அருந்த இங்கே சட்டப்படி 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

கிடங்குக்குள்

உள்ளே நுழைந்ததும் வழிகாட்டி பேசத் தொடங்கும் முன் ஒரு மூச்சு இழுத்து நில்லுங்கள். ஈரக் கல், பழைய மரம், அதன் மேல் உலர்ந்த திராட்சை போன்ற ஒரு மணம். காற்றில் கரைந்துகொண்டிருக்கும் ஒயின் அது. பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகிப் போகிறது. தேவதைகளின் பங்கு என்பார்கள். அந்தக் கணக்கில் 20 ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். முதிர்ந்த டானியின் விலை ஏன் ஏறுகிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அந்த மணம்தான்.

பிறகு அளவுகளைக் கவனியுங்கள். ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் பெரிய மரத்தொட்டிகள் ஒரு பக்கம், ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருக்கும் 550 லிட்டர் பீப்பாய்கள் ஒரு பக்கம். பெரிய தொட்டியில் ஒயினின் அளவுக்கு மரத்தோடு படும் பரப்பு குறைவு, காற்றும் குறைவு, சிவப்பு தங்கும். சிறியதில் நேர்மாறு. ரூபிக்கும் டானிக்கும் உள்ள வேறுபாடு அங்கேயே உங்கள் கண் முன்னால் நிற்கிறது. புதிய மரத்தை இவர்கள் விரும்புவதில்லை. மரத்தின் சுவை ஒயினில் ஏறிவிடும். பல பத்தாண்டுகள் உழைத்த பழைய பீப்பாய்களைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள்.

போன முறை என் அக்காவையும் அத்தானையும் அழைத்துப் போயிருந்தேன். குழு நகர்ந்த பிறகும் அக்கா ஒரு பீப்பாயின் முன் குனிந்து நின்றாள். இரண்டு பலகைகள் சேரும் இடுக்கில் கறுப்பாக ஏதோ கசிந்து, பாகு போல இறுகி, விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. "இது எத்தனை வருஷத்துக் கசிவு?" என்று கேட்டாள். வழிகாட்டி திரும்பி வந்து, முன்பக்கப் பலகையில் எழுதியிருந்த எண்ணைத் தொட்டுக் காட்டினார்: 1994. அந்த ஆண்டு அக்கா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்களும் எங்காவது ஓரிடத்தில் அப்படி நில்லுங்கள். குழு ஓடிவிடாது. ஆற்றங்கரைக் கிடங்கு என்றால் சுவரில் வெள்ளக் குறிகள் உண்டா என்று கேளுங்கள். 1909ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் இந்தக் கரையை மிகவும் வருத்தியது.

கோப்பை முன்னால் வந்ததும்

உடனே குடிக்காதீர்கள். வெள்ளைத் தாளோ துண்டோ இருந்தால் அதன் மேல் கோப்பையைச் சாய்த்து, ஒயினின் விளிம்பைப் பாருங்கள். இளம் ரூபியின் விளிம்பு ஊதா கலந்த சிவப்பு. 10 ஆண்டு டானியில் செம்பழுப்பு. மிக முதிர்ந்த டானியின் விளிம்பில் மெல்லிய பச்சைச் சாயல் தெரியும். முதன்முதலாக அதைப் பார்ப்பவர்கள் வெளிச்சத்தின் கோளாறு என்றே நினைப்பார்கள்.

முகரும்போது மூக்கைக் கோப்பைக்குள் நுழைக்க வேண்டாம். 20 சதவீத ஆல்கஹால் சுரீரென்று ஏறி மற்ற மணங்களை மறைத்துவிடும். கோப்பையை மோவாய்க்கு நேரே பிடித்து, வாயைச் சற்றே திறந்தபடி முகர்ந்தால் மணங்கள் ஒவ்வொன்றாக வரும். முதல் வாய் நாக்கைப் பழக்குவதற்கு. இரண்டாவது வாய்தான் சுவைப்பதற்கு. ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து, வாய் முழுக்கப் பரவ விட்டு, விழுங்கிய பின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். துப்புவதற்குக் கலம் கேட்டால் தருவார்கள். துப்புவது மரியாதைக் குறைவு என்று அத்தான் தயங்கினார். "அத்தான், இங்கே தொழில் செய்கிறவர்களே துப்பித்தான் சுவைக்கிறார்கள், நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்றேன். வேண்டாததை மேசையிலேயே விட்டுவிடுவதிலும் தவறில்லை.

வெள்ளையிலிருந்து ரூபி, அதிலிருந்து இளம் டானி, கடைசியில் முதிர்ந்த டானி என்று போவது என் வழக்கம். விண்டேஜ் இருந்தால் அதை டானிக்கு முன்பே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதன் துவர்ப்பு நாக்கை இறுக்கிவிடும்; இடையில் தண்ணீரும் வெறும் ரொட்டியும் வேண்டும்.

உணவுக்கு ஒரே விதிதான். பண்டம் ஒயினைவிட இனிப்பாக இருக்கக் கூடாது. இருந்தால் ஒயின் வெறும் சாராயம் போலப் பல்லிளிக்கும். பால் சாக்லேட் இப்படித்தான் பல சுவைப்புகளைக் கெடுக்கிறது. 70 சதவீதக் கறுப்புச் சாக்லேட் என்றால் எல்.பி.வி.க்கும் விண்டேஜுக்கும் பொருந்தும், கசப்பும் துவர்ப்பும் ஒன்றையொன்று தணிக்கும். நீலப் பூசணம் படர்ந்த பாலாடைக்கட்டியின் உப்பு, விண்டேஜின் இனிப்பை நிமிர்த்தும். டானிக்கு வறுத்த வாதுமை, எரித்த சர்க்கரை மணமுள்ள இனிப்பு, நன்கு முதிர்ந்த கெட்டிப் பாலாடைக்கட்டி. இனிப்புக் குறைந்த வெள்ளைப் போர்ட்டைக் குளிர வைத்து உப்பிட்ட வாதுமையோடு தருவார்கள். கோடையில் அதில் டானிக் தண்ணீர் கலப்பதும் உண்டு.

முதலில் பண்டத்தை மென்று, அது வாயில் முழுதும் கரையும் முன் ஒரு வாய் ஒயின். அடுத்த முறை ஒயின் முதலில், பண்டம் பிறகு. வரிசையை மாற்றியதும் சுவையும் மாறும். தட்டில் அச்சிட்டு வைத்த ஜோடிகளோடு நிறுத்தாமல் கலைத்தும் பாருங்கள். 20 ஆண்டு டானியோடு எங்களுக்குக் கொடுத்தது முட்டை மஞ்சள் கருப் பணியாரம். அக்கா அதைத் தள்ளிவைத்துவிட்டு, வெள்ளைப் போர்ட்டுக்கு வைத்திருந்த உப்பு வாதுமையில் ஒன்றைக் கடித்து, டானியை ஒரு மிடறு குடித்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "விழுங்கிவிட்டேன், ஆனால் இன்னும் வாயிலேயே இருக்கிறதடி" என்றாள். நான் செய்து பார்த்தேன். உப்பு பட்டதும் டானியின் இனிப்பு பின்வாங்கி, அதுவரை அடியில் கிடந்த ஆரஞ்சுத் தோல் மணம் மேலே வந்தது. அச்சிட்ட ஜோடியைவிட அதுவே சிறந்தது என்று வழிகாட்டியும் ஒப்புக்கொண்டார்.

வாங்கி வருவது

சுவைப்பு முடிந்த சூட்டில் வாங்க வேண்டாம். வெளியே வந்து ஆற்றங்கரையில் அரை மணி நேரம் உட்காருங்கள். அதன் பிறகும் எது நினைவில் நிற்கிறதோ, திரும்பிப் போய் அதை வாங்குங்கள். பாட்டிலின் கழுத்தில், போர்ட் ஒயினைக் கண்காணிக்கும் அரசு அமைப்பின் உத்தரவாத முத்திரைத் தாள் ஒட்டியிருக்கும். டானியில் போட்டிருக்கும் 10, 20, 30, 40 என்பவை பல ஆண்டு ஒயின்களைக் கலந்து எட்டிய தரத்தைக் குறிப்பவை. பாட்டிலில் இருப்பது எல்லாம் சரியாக அத்தனை ஆண்டுப் பழைமை என்று பொருளல்ல. ஒரே ஆண்டின் ஒயின் வேண்டும் என்றால் கொல்யெய்ட்டா என்று கேளுங்கள். குறைந்தது ஏழு ஆண்டு மரத்தில் இருந்திருக்கும். விண்டேஜுக்கு எல்லா ஆண்டும் வாய்ப்பதில்லை. அண்மையில் 2011, 2016, 2017 ஆகியவற்றைப் பெரும்பாலான நிறுவனங்கள் அறிவித்தன.

மூடியையும் பாருங்கள். கையால் திருகி எடுக்கும் குமிழ்த் தக்கை என்றால் குடிக்கத் தயாரான ஒயின். நிற்க வைத்தே வைக்கலாம். நீளத் தக்கை அடித்த விண்டேஜைப் படுக்க வைக்க வேண்டும். அதைத் திறக்கும் முன் ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, வண்டல் அடியில் தங்கிய பின் மெதுவாக வேறு குடுவைக்கு ஊற்றுங்கள். திறந்த பின் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடவும் வேண்டும். வீட்டில் ஒருவர் இருவர்தான் குடிப்பவர்கள் என்றால் டானிதான் ஏற்றது. ஏற்கெனவே காற்றில் பழகிய ஒயின், திறந்து குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு மாதத்துக்கு மேலும் தாங்கும். விமானத்தில் பாட்டிலைக் கைப்பையில் வைக்க முடியாது. துணியில் சுற்றிப் பெட்டியின் நடுவே வையுங்கள். உங்கள் நாட்டுச் சுங்க வரம்பைக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அக்கா ஒரு 20 ஆண்டு டானியை வாங்கிப் போனாள். ஊருக்குப் போய் ஐந்து வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள். பாட்டிலில் இன்னும் இரண்டு விரல் அளவு மிச்சம் இருக்கிறதாம். உப்பு வாதுமை தீர்ந்துவிட்டது, வாங்கி வர அத்தானைக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன் என்றாள்.